ஹானிபல் லெக்டரை எந்த வரிசையில் பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாமஸ் ஹாரிஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் படைத்த ஆள் டாக்டர் ஹானிபல் லெக்டர். மனநல மருத்துவர், பெரிய படிப்பாளி, கைதேர்ந்த சமையல்காரர், கூடவே மனிதக் கறி தின்னும் தொடர் கொலைகாரர். அவரையும் அவரைச் சுற்றியுள்ளவர்களையும் வைத்து 4 நாவல்கள், 5 படங்கள், 2 டிவி தொடர்கள் வந்துவிட்டன. எதை முதலில் தொடுவது என்று கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கத்து நண்பர்கள் விடாமல் கேட்பதால், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைக்கிறேன். கொலையாளி எப்படிச் சிக்குகிறான், யார் பிழைக்கிறார்கள் என்பதையெல்லாம் உடைக்கவில்லை. தைரியமாகப் படிக்கலாம்.

ஏனுங்க, சுத்தி வளைக்காமச் சொல்லுங்க. எதுல ஆரம்பிக்கறது?

'தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்' (1991). அடுத்து 'மேன்ஹன்டர்' (1986) அல்லது 'ரெட் டிராகன்' (2002). மூன்றாவதாக 'ஹானிபல்' (2001). அதற்கப்புறமும் ஆசை அடங்கவில்லை என்றால் 2013-ல் தொடங்கிய 'ஹானிபல்' டிவி தொடர். 'ஹானிபல் ரைசிங்' (2007) கடைசியில்தான். பார்க்காமல் விட்டாலும் நஷ்டமில்லை. புத்தகமாகப் படிப்பவர்களுக்கு வரிசை வேறு, கீழே வருகிறது.

கதை நடக்கற வருஷப்படி பாத்தாத்தானுங்க ஒழுங்காப் புரியும்?

அதிகம் வரும் கேள்வி இதுதான், நான் அதிகம் மல்லுக்கு நிற்பதும் இதற்குத்தான். வருஷப்படி போனால் 'ரைசிங்' முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து லிதுவேனியா, அங்கே சின்னப் பையனாக ஹானிபல், அவன் தங்கை மிஷா, பசியோடு அலையும் கொள்ளைக் கூட்டம். இந்த ஆள் ஏன் இப்படி ஆனார் என்பதற்கு ஒரு காரணத்தை எடுத்த எடுப்பிலேயே நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். காரணம் தெரிந்துவிட்ட ஆளைப் பார்த்துப் பரிதாபப்படலாம், பயப்பட முடியாது.

'சைலன்ஸ்' படத்தில் லெக்டர் அறிமுகமாகும் இடத்தைப் பாருங்கள். எஃப்.பி.ஐ. பயிற்சி மாணவி கிளாரிஸ் ஸ்டார்லிங், பால்டிமோரில் குற்றவாளிகளுக்கான மனநல மருத்துவமனைக்கு வருகிறாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் போகாதே, பேனா கொடுக்காதே என்று டாக்டர் சில்டன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருகிறார். லெக்டர் ஒரு நர்ஸை என்ன செய்தார் என்பதற்கு ஒரு போட்டோவை எடுத்து அவளிடம் நீட்டுகிறார். நமக்கு அது காட்டப்படுவதில்லை. அவள் முகம் மட்டும்தான் தெரிகிறது. கீழே நீளமான நடை, வரிசையாகக் கம்பி போட்ட அறைகள், உள்ளிருந்து முனகல்கள். கடைசி அறைக்கு மட்டும் கம்பி கிடையாது, கண்ணாடி. அதற்குள் ஒருவர், கைகளைத் தொங்கவிட்டு, விறைப்பாக, அவள் வருவது முன்பே தெரிந்த மாதிரி நின்று காத்திருக்கிறார். அமைதியாகக் காலை வணக்கம் சொல்கிறார். அவ்வளவுதான். இதில் முதுகுத்தண்டு சில்லிட வேண்டுமானால், அவரைப் பற்றி நாம் ஒன்றுமே அறியாதவர்களாக அந்த நடையில் இறங்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிளாரிஸிடம் பேசுகிறவர்கள் பல இடங்களில் நேராக கேமராவைப் பார்த்தே பேசுகிறார்கள். கிளாரிஸ் பார்ப்பது மட்டும் சற்று ஓரமாக இருக்கும். இயக்குநர் ஜொனதன் டெம்மி திட்டமிட்டுச் செய்த வேலை. லெக்டர் துருவித் துருவிக் கேட்பது அவளை அல்ல, நம்மை என்று தோன்றும். ரைசிங்கில் அவர் குழந்தையாக இருந்ததையும் அழுததையும் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்தப் பார்வை பாதிதான் வேலை செய்யும்.

நம் பக்கத்து வாசகருக்கு இந்த வரிசைத் தகராறு புதிது. கோவை ராஜேஷ்குமாரின் மாத நாவல்களை எந்த மாதத்திலிருந்து எடுத்தாலும் படிக்கலாம். விவேக்கும் ரூபலாவும் வந்தார்கள் என்றால் கேஸ் முடியும், புத்தகமும் முடியும். லெக்டர் கதைகளிலும் கேஸ் ஒவ்வொன்றும் தனித்தனிதான். ஆனால் லெக்டரைப் பற்றி நமக்குத் தெரிந்தது கூடிக்கொண்டே போகும், அவர் மேலுள்ள பயம் குறைந்துகொண்டே வரும். ஆகவே அதிகம் சொல்லாத படத்தை முதலிலும், எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற படத்தைக் கடைசியிலும் வைக்கச் சொல்கிறேன்.

வருஷ வரிசையில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'ரெட் டிராகன்' கதை 'சைலன்ஸ்'க்கு முன்னால் நடப்பது. ஆனால் ஆந்தனி ஹாப்கின்ஸ் 'சைலன்ஸ்' வெளிவந்தபோது 53 வயதுக்காரர், 'ரெட் டிராகன்' வந்தபோது 64. வரிசைப்படி பார்த்தால் சிறைக்குள் இருக்கும் டாக்டருக்கு வயது குறைந்துகொண்டே வரும்.

'ரெட் டிராகன்' படத்தோட கடைசியிலயே 'சைலன்ஸ்'க்கு லீடு குடுக்கறாங்களே, அப்ப அதைத்தானுங்க முதல்ல பாக்கோணும்?

2002 படத்தின் கடைசி நிமிடத்தில் சில்டன் வந்து, உன்னைப் பார்க்க ஒரு இளம் பெண் வந்திருக்கிறாள், எஃப்.பி.ஐ. என்கிறாள் என்று சொல்கிறார். லெக்டர் அவள் பெயரைக் கேட்கிறார். படம் முடிகிறது. இதைப் பார்த்து உதட்டோரம் ஒரு சிரிப்பு வர வேண்டுமானால் அந்தப் பெண் யார் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். புதிதாகப் பார்க்கிறவருக்கு அது வெறும் விசாரிப்பு. 'சைலன்ஸ்' பார்த்தவர்களை நினைத்து வைத்த கடைசிக் காட்சி அது. அதை நம்பி வரிசையை மாற்றிக்கொள்ளாதீர்கள்.

ஒரே நாவலுக்கு ரெண்டு படம் இருக்குதுங்களே. எதைப் பாக்கறது?

'ரெட் டிராகன்' நாவலை முதலில் 1986-ல் மைக்கேல் மான் 'மேன்ஹன்டர்' என்று எடுத்தார். தயாரிப்பாளர் டினோ டி லாரன்டிஸின் முந்தைய ஆண்டுப் படம் ஒன்றின் பெயரில் டிராகன் இருந்து அது ஓடாமல் போனதால், இந்தப் படத்தின் பெயரையே மாற்றிவிட்டார்கள் என்பார்கள். சென்டிமென்ட் கோடம்பாக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை. படம் அப்போது ஓடவில்லை; பிறகுதான் மதிப்பு ஏறியது.

இதில் லெக்டராக வருவது பிரையன் காக்ஸ். கொஞ்ச நேரம்தான் வருகிறார். வெள்ளை வெளேர் என்ற அறை, சாதாரண மனிதரின் பேச்சு, ஹாப்கின்ஸிடம் இருக்கும் நாடகத்தனம் துளியும் கிடையாது. 'சைலன்ஸ்' பார்த்த கையோடு இதைப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும், அப்புறம் இதுவும் ஒரு மாதிரி பயமாகத்தான் இருக்கிறது என்று தோன்றும்.

2002 படம் நாவலுக்கு இன்னும் நெருக்கம். 'சைலன்ஸ்'க்குத் திரைக்கதை எழுதிய டெட் டாலியே இதற்கும் எழுதினார். எட்வர்ட் நார்டன், ரேஃப் ஃபைன்ஸ், எமிலி வாட்சன், ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் என்று நடிகர் பட்டாளம். லெக்டர் எப்படிப் பிடிபட்டார் என்பதை ஆரம்பத்திலேயே காட்டுகிறார்கள். இசைக் கச்சேரி நடக்கிறது, குழலூதுபவர் ஒருவர் சுருதி பிசகுகிறார், கேட்டுக்கொண்டிருக்கும் லெக்டரின் முகம் லேசாக மாறுகிறது. அடுத்து அவர் வீட்டில் விருந்து. வந்தவர்கள் ருசித்துச் சாப்பிட்டுவிட்டு இது என்ன கறி என்று கேட்கிறார்கள்.

இரண்டு படத்திலும் தவறவிடக்கூடாத காட்சி ஒன்றுதான். கண் தெரியாத ரீபா என்ற பெண், மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருக்கும் புலியைத் தொட்டுப் பார்க்கிறாள். ரோமத்தில் விரலை விட்டு அளைகிறாள், அதன் மேல் சாய்ந்து மூச்சையும் இதயத் துடிப்பையும் கேட்கிறாள். கூட வந்திருப்பவன் யார் என்று அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. ஆனாலும் இந்தக் கதைகளில் நான் அதிகம் பதறிய காட்சிகளில் இது ஒன்று.

பொறுமை உள்ளவர்கள் 'மேன்ஹன்டர்' பாருங்கள். ஹாப்கின்ஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு 2002. இரண்டையும் பார்ப்பதானால் நடுவில் சில மாதம் இடைவெளி விடுங்கள், கதை ஒன்றேதான்.

நான் புஸ்தகம் படிக்கற ஆளுங்க. எனக்கும் இதே வரிசைதானா?

இல்லை. வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள்: 'ரெட் டிராகன்' (1981), 'தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்' (1988), 'ஹானிபல்' (1999), கடைசியில் மனசிருந்தால் 'ஹானிபல் ரைசிங்' (2006).

படத்துக்கு ஒன்று, புத்தகத்துக்கு வேறொன்றா என்று கேட்பீர்கள். முதல் நாவலில் லெக்டர் ஒரு ஓரத்துப் பாத்திரம்தான், சில அத்தியாயங்களில் தலைகாட்டுவதோடு சரி. அவரைப் பிடித்த வில் கிரஹாம்தான் நாயகன். கொலைகாரனைப் போலவே யோசிக்கத் தெரிந்தவன், அந்தத் திறமையாலேயே நொந்துபோனவன். லெக்டரைப் பற்றி ஹாரிஸ் இதில் மிகக் குறைவாகத்தான் சொல்கிறார், எனவே முதலில் படித்தாலும் மர்மம் செலவாகாது. இன்னொரு காரணம், 'சைலன்ஸ்' நாவலில் கிரஹாம் பிறகு என்ன ஆனான் என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. முதல் நாவலைப் படிக்காதவர் அதைக் கவனிக்கவே மாட்டார். படித்தவருக்கு அந்த இடத்தில் நெஞ்சு கனக்கும்.

ஆங்கிலம் ஹாரிஸிடம் அவ்வளவு கஷ்டமில்லை. பத்திரிகையாளராக இருந்தவர், வாக்கியம் சின்னதாகவே இருக்கும். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் ஆங்கிலப் புத்தக அரங்குகளையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

ஹாரிஸோட மத்த நாவல்ல லெக்டர் வர்றாருங்களா?

வர மாட்டார். 'பிளாக் சண்டே' (1975), 'காரி மோரா' (2019) இரண்டும் தனிக் கதைகள்.

'ஹானிபல்' படம் நல்லால்லைன்னு சொல்றாங்களே?

'சைலன்ஸ்' அளவுக்கு இல்லை என்பது நிஜம். அது படம், இயக்குநர், நடிகர், நடிகை, தழுவல் திரைக்கதை என்று ஐந்து முக்கிய ஆஸ்கரையும் ஒன்றாகத் தட்டிய படம். ஆஸ்கர் வரலாற்றில் அப்படி வாங்கிய மூன்றாவது படம் அது. அடுத்து வருவது எதுவானாலும் அடி வாங்கத்தான் செய்யும். ஜோடி ஃபாஸ்டர் திரும்பி வரவில்லை, ஜூலியன் மூர் கிளாரிஸ் ஆனார். டெம்மிக்குப் பதில் ரிட்லி ஸ்காட்.

ஆனால் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் நடக்கும் பகுதிக்காகவே இதைப் பார்க்கலாம். லெக்டர் வேறு பெயரில் அங்கே அறிஞராக உலாவுகிறார். அவரை அடையாளம் கண்டுகொள்ளும் இன்ஸ்பெக்டர் பாட்ஸி, 1478-ல் அந்த நகரத்தைக் கையில் வைத்திருந்த மெடிசி குடும்பத்துக்கு எதிராகச் சதி செய்து தண்டனை வாங்கிய பழைய பாட்ஸி குடும்பத்தின் வாரிசு. கைது செய்தால் பெயர் கிடைக்கும், ரகசியமாக விற்றால் பணம் கிடைக்கும். அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதுதான் அந்தப் பகுதியின் சுவாரசியம். மற்றபடி கடைசி விருந்துக் காட்சியை எல்லோராலும் பார்க்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டாலும் கதை புரியும்.

நாவலின் முடிவும் படத்தின் முடிவும் வேறு. நாவலின் முடிவைப் படித்துவிட்டுப் புத்தகத்தை வீசியவர்களும் உண்டு, அதுதான் சரி என்று வாதாடுபவர்களும் உண்டு. எனக்குப் படத்தின் முடிவே பிடிக்கும்.

டிவி தொடரை எங்க சேக்கறதுங்க?

மூன்று படம் முடித்த பிறகு. 2013 முதல் 2015 வரை 3 சீசன், 39 எபிசோடு. பிரையன் ஃபுல்லர் உருவாக்கியது. மேட்ஸ் மிக்கெல்சன் லெக்டர், ஹியூ டான்சி வில் கிரஹாம். லெக்டர் பிடிபடுவதற்கு முந்தைய காலத்தில் தொடங்குகிறது. வெளியே சுதந்திரமாக, கோட்டும் சூட்டுமாக, எஃப்.பி.ஐ.க்கே ஆலோசனை சொல்லிக்கொண்டு இருக்கிறார். காலத்தில் முன்னால் வருவதால் இதை முதலில் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பார்க்கிறவருக்கு இவர் யார் என்று தெரியும், கதையில் உள்ளவர்களுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் தொடரே ஓடுகிறது. கிரஹாமை அவர் சாப்பிட அழைக்கும் ஒவ்வொரு முறையும் நமக்கு வயிறு கலங்க வேண்டும். முன்னால் படங்களைப் பார்த்திருந்தால்தான் கலங்கும்.

மூன்றாவது சீசனின் கடைசி ஆறு எபிசோடுகள் 'ரெட் டிராகன்' கதைதான். நாவலில் ஆணாக இருந்த சிலர் இங்கே பெண்கள். டாக்டர் ப்ளூம் அலானா ப்ளூம் ஆகிறார், நிருபர் லௌண்ட்ஸும் பெண். மூலக் கதை தெரிந்தவருக்கு இந்த மாற்றங்களே தனி ருசி.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. முதல் சீசனின் எபிசோடு தலைப்பெல்லாம் பிரெஞ்சு விருந்தின் வரிசை, இரண்டாவதில் ஜப்பானியப் பெயர்கள். லெக்டர் சமைப்பதைக் கேமரா அப்படியொரு ஆசையோடு காட்டும். தட்டில் இருப்பது என்ன என்று தெரிந்தும் நாக்கில் எச்சில் ஊறும், அதுதான் கொடுமை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையம் சிக்கனைத் தட்டில் வைத்துக்கொண்டு இதைப் போடாதீர்கள். இட்லி என்றால் பிரச்சினை இல்லை.

'கிளாரிஸ்'னு இன்னொரு தொடர் இருக்குதாமே. அதுல லெக்டரே இல்லீங்களாமா?

ஆமாம். 2021-ல் வந்தது, ஒரே சீசன், 13 எபிசோடு, 1993-ல் நடக்கும் கதை. பாத்திரங்களின் உரிமை வெவ்வேறு கம்பெனிகளிடம் மாட்டிக்கொண்டதால், 'ஹானிபல்' தொடரில் கிளாரிஸ் வர முடியாது, 'கிளாரிஸ்' தொடரில் லெக்டர் பெயரைக்கூட எடுக்க முடியாது. தோட்டத்தைப் பாகம் பிரிக்கும்போது கிணறு அண்ணனுக்கும் மோட்டார் தம்பிக்கும் போன கதைதான். கிளாரிஸ் மேல் பாசம் உள்ளவர்கள் பார்க்கலாம், வரிசையில் எங்கே வைத்தாலும் ஒன்றும் கெடாது.

இது உண்மைக் கதைங்களா?

லெக்டர் கற்பனை. ஆனால் ஒரு வித்து உண்டு. ஹாரிஸ் 1960-களில் இளம் பத்திரிகையாளராக, மெக்சிகோவில் மான்டெரே நகரச் சிறைக்கு ஓர் அமெரிக்கக் கைதியைப் பேட்டி எடுக்கப் போனார். அங்கே அந்தக் கைதிக்குச் சிகிச்சை செய்த மருத்துவரிடம் பேச்சுக் கொடுத்தார். நயமான ஆள், குற்றவாளிகளின் மனத்தைப் பற்றி நுணுக்கமாகப் பேசினார். ஹாரிஸ் அவரைச் சிறை ஊழியர் என்றே நினைத்திருந்தார். கிளம்பும்போதுதான் அவரும் கொலைக் குற்றத்துக்காக உள்ளே இருப்பவர் என்று தெரிந்தது. 'சைலன்ஸ்' நாவலின் 25-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'டாக்டர் சலாசர்' என்ற மாற்றுப் பெயரில் ஹாரிஸே இதை எழுதியிருக்கிறார்.

'சைலன்ஸ்' படத்தின் கொலையாளி பஃபலோ பில், பல நிஜக் குற்றவாளிகளின் கலவை. கையில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு உதவி கேட்டு ஏமாற்றும் உத்தி, டெட் பண்டி என்ற நிஜக் கொலைகாரன் செய்தது.

இந்தப் பாத்திரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படம் வந்த காலத்திலேயே, பால் அடையாளம் குழம்பியவர்களைக் கொலைகாரர்களாகக் காட்டுகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. அவன் உண்மையில் திருநங்கை அல்ல என்று லெக்டர் வாயாலேயே ஒரு வசனம் வருகிறது, ஆனாலும் பார்க்கிறவர் மனத்தில் நிற்பது வசனம் அல்ல, காட்சிதான். படம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது.

டப்பிங் கிடைச்சா அதுலயே பாக்கலாமுங்களா?

'சைலன்ஸ்' மட்டுமாவது மூல ஒலியில், சப்டைட்டிலோடு பாருங்கள். முதல் சந்திப்பிலேயே லெக்டர் கிளாரிஸின் நல்ல பையையும் மலிவான செருப்பையும் பார்த்து அவளை எடைபோட்டுவிடுகிறார். மறைக்கப் பாடுபட்டும் வெளியே எட்டிப் பார்க்கும் மேற்கு வர்ஜீனியா மலையோரப் பேச்சையும் விடாமல் குத்திக்காட்டுகிறார். சென்னை அலுவலகத்தில் வாய்தவறி 'ஏனுங்க' என்று சொல்லிவிட்டு, பக்கத்து சீட்டுக்காரர் சிரித்ததைப் பார்த்தவர்களுக்கு அவள் முகம் ஏன் அப்படிச் சிவக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. டப்பிங்கில் எல்லோரும் ஒரே தமிழ் பேசிவிட்டால் இந்தக் குத்து காணாமல் போய்விடும்.

சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டை ஒட்டித் தறி ஓடுகிறது என்றால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியில் இருட்டுக்குள் கிளாரிஸ் மூச்சு வாங்கும் சத்தம்தான் படமே. அது தறிச் சத்தத்தில் அடிபட்டுப் போகும்.

எங்கூட்டுல குழந்தைங்க, அப்பத்தா எல்லாரும் ஹால்லதான் இருப்பாங்க. போடலாமுங்களா?

வேண்டாம். எதுவுமே குழந்தைகளுக்கானது அல்ல. டிவி தொடரில் பிணங்களை அலங்காரம் மாதிரி அடுக்கி வைப்பார்கள், அது படங்களைவிடவும் மோசம். எல்லோரும் தூங்கிய பிறகு பார்ப்பதுதான் உத்தமம்.

சம்பளச் சனிக்கிழமை ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் ஒரே மூச்சுல முடிச்சிரலாமா அண்ணா?

படம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மணி நேரம், ஐந்துக்கும் 10 மணி நேரம் ஆகும். முடியும், ஆனால் மூன்றாவது படத்துக்குள் ரத்தம் பழகிவிடும், எதுவும் உறைக்காது. வாரம் ஒரு படம் போதும் தம்பி. தொடர் என்றால் நாளுக்கு இரண்டு எபிசோடுக்கு மேல் வேண்டாம்.

நான் தெரியாம 'ரைசிங்'கை முதல்லயே பாத்துட்டேனுங்க. இப்ப என்ன பண்றது?

கெட்டுப்போகவில்லை. அந்தப் படத்துக்கு ஹாரிஸே திரைக்கதை எழுதியிருந்தாலும், அதில் இளைஞனாக வரும் காஸ்பார் உலியேலுக்கும் ஹாப்கின்ஸுக்கும் முகத்திலோ பேச்சிலோ ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஆகவே சீக்கிரம் மறந்துவிடும். நாலைந்து மாதம் வேறு எதையாவது பாருங்கள். அப்புறம் 'மேன்ஹன்டர்' போடுங்கள். அதில் வரும் லெக்டர் முற்றிலும் வேறு ஆள் போல இருப்பதால் பழைய ஞாபகம் குறுக்கே வராது. அது முடிந்த அடுத்த வாரம் 'சைலன்ஸ்'.